பிளாரன்ஸ் மிஸ் போட்டுக் காட்டிய குரல்

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய பிளாரன்ஸ், மாணவிகளிடம் முகம் கோணாதவள் என்று பேர் வாங்கியிருந்தாள். 1975-இல் கப்பல் வேலையிலிருந்த அண்ணன் வில்பிரட் சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தான். வீட்டில் எல்லோரும் பாட்டுக் கேட்க ஆசைப்பட, அவள் அதை ரிக்‌ஷாவில் ஏற்றி வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டாள்.

பி.ஏ. முதலாண்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் புத்தகத்தில் பார்த்திருந்தார்களே தவிர, காதால் அதிகம் கேட்டதில்லை. துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டு மாலுமி ஒருவனைப் பேசவைத்துப் பதிவுசெய்து வந்து போட்டாள். அவனுக்கு எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், நடுவில் எதற்குச் சிரித்தான் என்று கேட்டு எழுத வேண்டும். வகுப்பில் தூங்கி வழிகிறவர்கள்கூட, "இன்னொரு தடவ போடுங்க மிஸ்" என்றார்கள்.

அந்த உற்சாகத்தில்தான் அடுத்த யோசனை தோன்றியது. ஒவ்வொருத்தியையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்தாள். மறுநாள் அதில் ஒரு குரலை மட்டும் போட்டு, உச்சரிப்புப் பிழைகளை எழுதச் சொன்னாள். பிழை நிறைய இருந்தால் பயிற்சிக்கு நல்லது என்று தேடி எடுத்த குரல். பேரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஷிப் 'சிப்பு' ஆனது, ஸ்கூல் 'இஸ்கூலு' ஆனது. வகுப்பே கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அங்கே ஆதிச்சநல்லூர் விவசாயி நல்லக்கண்ணுவின் மகள் இசக்கித்தாய் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காதீங்க, கவனிச்சு எழுதுங்க" என்றாள் பிளாரன்ஸ். சொல்லும்போது அவள் உதட்டிலும் சிரிப்பு இருந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் குமைந்தாள்.

சாயங்காலம் நோட்டுகளைத் திருத்தினாள். மற்றவர்கள் பத்து, பன்னிரண்டு பிழைகள் கண்டிருந்தார்கள். இசக்கித்தாய் தன் குரலில் பத்தொன்பது எழுதியிருந்தாள். அதில் இரண்டு பிளாரன்ஸின் காதிலேயே விழாதவை. டேப்பைத் திரும்ப ஓட்டிக் கேட்டாள். இருந்தன. அந்த வகுப்பிலேயே கூர்மையான காது அந்தப் பிள்ளையுடையது.

காலையில் முதல் வேலையாக அதைச் சொல்ல ஹாஸ்டலுக்குப் போனாள். இசக்கித்தாய் விடிந்ததும் டிரங்குப் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். வந்துவிடுவாள் என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, பிளாரன்ஸ் ஆதிச்சநல்லூருக்குப் பஸ் ஏறினாள்.

நல்லக்கண்ணு வயலிலிருந்து கால் சேற்றோடு ஓடிவந்தார். "ஏளா, டீச்சர் வந்திருக்காவ பாரு!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, தணிந்து பேசினார். "படிப்பு மண்டையில ஏறலன்னு சொல்லுதா டீச்சர். எங்க வம்சத்துல யாரு காலேசுக்குப் போயிருக்கா? ஆனா உங்களச் சொல்லாத நாள் கெடையாது. எங்க மிஸ் தங்கமானவங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

நடந்ததைச் சொல்லிவிடத்தான் பிளாரன்ஸ் வந்திருந்தாள். அவர் கும்பிட்டபடி நிற்கையில், "நல்ல பிள்ளைதான்" என்று மட்டும் சொன்னாள்.

இசக்கித்தாய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா நகர்ந்ததும் பிளாரன்ஸ் மெல்லச் சொன்னாள்: "எனக்கே கேக்காத ரெண்டு தப்ப நீ கண்டுபிடிச்சிருக்கம்மா. உன்ன மாதிரி காது யாருக்கும் இல்ல. திரும்பி வா."

"எல்லாம் நல்லாக் கேக்குது மிஸ்" என்றாள் அவள், கோபமே இல்லாமல். "அதனாலதான் இனி அங்கன வந்து வாயத் தொறக்க முடியாது."

"நான் செஞ்சது தப்பு" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நல்லக்கண்ணு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். பிளாரன்ஸ் பழத்தை வாங்கிக்கொண்டாள். "உடம்பப் பாத்துக்கோ" என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுபடி போய்ச் சொல்ல வேண்டும் என்று பருவத்தேர்வு வரை தள்ளினாள், பிறகு கிறிஸ்துமஸ் வரை. தை மாதம் இசக்கித்தாய்க்குக் கல்யாணம் முடிந்துவிட்டதாக ஹாஸ்டல் பிள்ளைகள் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பேர்மேல் சிவப்பு மையால் கோடு இழுக்க வேண்டியது வகுப்பு ஆசிரியையின் வேலை. பிளாரன்ஸ்தான் அந்த வகுப்பின் ஆசிரியை.