மேலிருந்து கீழே

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கால்வாய் முடிகிற இடத்தில் இருக்கிறது. தலைமடைக்காரர்களுக்குப் போக மிஞ்சிய தண்ணீர்தான் எங்கள் கடைமடைக்கு. மேலே இருப்பது கொடுக்கும், கீழே இருப்பது வாங்கும்: பள்ளிக்கூடம் போகும் முன்பே எனக்குத் தெரிந்த பாடம் இது. அந்தப் பாடம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள் இருந்தது. கடைமடை வயல்களில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்று மூன்று போகம் அளந்த எண்கள் என் மடிக்கணினியில் மட்டுமே இருந்தன. அளக்கும் கருவியிலிருந்து நேரே கணினியில் ஏற்றிவிடுவேன். நோட்டில் எழுதுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். கணினியோ ஒரு கோப்பைத் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும் என்கிற நிலைக்கு வந்திருந்தது. பட்டுக்கோட்டைக் கடையில், உள்ளே இருந்த பழைய டிஸ்க்குக்குப் பதிலாக, அதே கொள்ளளவில் வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒன்று வாங்கினேன்.

“வச்சிட்டுப் போம்மா. பழசுல உள்ளத அப்படியே குளோன் பண்ணி சாயங்காலம் தர்றேன்,” என்றார் கடைக்கார பாய்.

“வேணாம் பாய், எனக்கே தெரியும்.”

“பி.எச்டி. பொண்ணுல்ல! மறந்துட்டேன்,” என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். ஒரு திருகாணியைக் கழற்ற இன்னொருவர் முன்னால் நிற்க மனம் வரவில்லை.

பழையதை உள்ளேயே விட்டு, புதியதை யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு வெளியே இணைத்தேன். நகலெடுக்கும் மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினேன். திரையில் இரண்டு வரிகள். மேலே பழையது, கீழே புதியது. நகல் ஓடியது. பாதி தாண்டியதும் அம்மாவின் துடைப்பம் கேபிளில் பட்டு இணைப்பு விட்டுப்போனது. கத்தினேன்.

“தொடப்பம் பட்டதுக்கே செத்துப்போச்சுன்னா அது என்னாடி மிஷினு?” என்றாள் அம்மா.

புதியதை உள்ளே பொருத்தி, பழையதை வெளியே வைத்துச் செய்வதே நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். அப்படியே மாற்றினேன். மறுபடி இரண்டு வரிகள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. நான் வாசிக்கவில்லை. மேலே இருப்பது கொடுக்கும். கீழே உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன்.

நூறு சதவீதம் வந்தது. கணினி எழவில்லை. மாற்றி மாற்றிப் பொருத்தினேன். உள்ளே போன புதியதுதான் இந்த முறை மேல் வரியில் இருந்தது என்று அப்புறம்தான் உறைத்தது. அரைகுறை நகலை அசலின் மேல் பாய்ச்சியிருந்தேன்.

“எதுலேருந்து எதுக்கும்மா ஏத்துன?” என்று கேட்டார், இரண்டு டிஸ்க்கையும் கடையில் வாங்கிப் பார்த்த பாய்.

“மேலேருந்து கீழ.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். மூன்று நாள் போராடி இரண்டு போகத்து எண்களை மீட்டார். மூன்றாம் போகம், உப்பு மிக ஏறிய போகம், நகல் எட்டாத பாதியில் இருந்தது. அங்கே இப்போது ஒன்றுமில்லை.

“தண்ணிதான் கடமடைக்கு வர்றதில்லன்னா, ஒன் கம்ப்யூட்டருமா?” என்றார் அப்பா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மண்ணு அங்கதான கெடக்கு பாப்பா, மறுபடி அள,” என்றார்.

“அது போன வருஷத்து மண்ணுப்பா. மழை கழுவிடுச்சு.”

தஞ்சாவூரில் இருக்கும் என் நெறியாளரை அழைத்தேன். டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“நான்தான் சார் அழிச்சுட்டேன்.”

“அடுத்த போகம் அளந்துட்டு வாம்மா,” என்று வைத்துவிட்டார். எங்கள் கடைமடையில் வருஷத்துக்கு ஒரே போகம். இன்னும் ஒரு வருஷம். ஒப்படைக்கப் போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலைப் பார்த்தார்.

“அதுக்கு மொதல்ல தண்ணி வரணுமே பாப்பா,” என்றார்.