நெல்லுக் கொட்டிலின் நடுக்கப்பு

பிள்ளையள், உங்களில் மூத்தவளுக்கு நெல்லுத் தூசி ஒத்துக்கொள்ளாது. அது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தத் தூசியை வீட்டுக்கு வெளியே வைக்க நானும் அம்மாவும் பட்ட பாட்டில் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் வரும் போல இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கோ.

எங்கள் நெல்லுக் கொட்டில் உங்கள் அப்பப்பா கட்டியது. குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கையோடு, வீட்டுக்கு முதல் அதைத்தான் கட்டினவர். தடித்த சுவர், மேலே ஓடு. கூரையின் உச்சியில் நீளத்துக்கு ஓடுகிற மரத்தை முகட்டு வளை என்போம். அந்த வளையை நடுவில் தாங்கிக்கொண்டு நிலத்திலிருந்து ஒரு மரத்தூண் நிற்கும். அதுதான் நடுக்கப்பு. சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது சுவர் மட்டும் நின்றது. ஓடும் இல்லை, மரமும் இல்லை. கிடைத்த பனைமரத்தில் வளையும் நடுக்கப்பும் போட்டு, விலைக்கு வாங்கின பழைய ஓடுகளை ஏற்றினோம். அடுத்த மாரியே முகடு நடுவில் பள்ளமாகத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் றோட்டில் நின்று பார்த்தால் முதுகு முறிந்த மாடு படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

பள்ளமான இடத்தில் ஓடு விலகி மழை உள்ளே ஊற்றும். நெல்லு நனைந்து முளைக்கும். அதனால் அறுவடை மூட்டைகளை வீட்டு விறாந்தையிலும் சாமியறையிலும் அடுக்கத் தொடங்கினோம். மூத்தவளுக்கு மூச்சு இழுப்பு வந்தது அதற்குப் பிறகுதான். முதலில் தடிமன், சளி என்று நினைத்தோம். பிறகு ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா கேட்டா, "வீட்டிலை என்ன வைச்சிருக்கிறியள்?" நெல்லு என்றேன். "அப்ப ஒண்டில் நெல்லு வெளியிலை போகவேணும், இல்லாட்டிப் பிள்ளை வெளியிலை போகவேணும்" என்றா. சிரித்துக்கொண்டுதான் சொன்னா.

உங்கள் அம்மாவுக்குத் தகரக் கொட்டில் ஒன்று போதும் என்று எண்ணம்.

"இஞ்சாருங்கோ, நாலு தடியை நட்டுத் தகரத்தை அடிச்சா ஒரு கிழமை வேலை. அந்தக் கூனல் கொட்டிலை ஏன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"தகரத்துக்குள்ளை நெல்லு வைக்கிறதும் யானைக்கு இலை போட்டுச் சாப்பாடு வைக்கிறதும் ஒண்டுதான்."

"வாற யானை, மாமா கட்டின சுவரைப் பார்த்துப் பயந்து போகுமாக்கும்."

அப்படித்தான் சொன்னா. ஆனால் அவவும் யோசித்தா. அதற்கு முந்தின வருசம்தான் வாய்க்கால் ஓரத்து வீட்டில் யானை தகரத்தைக் கிழித்து, மூட்டையை இழுத்துத் தின்றுவிட்டுப் போனது. தடித்த சுவருக்குள் நெல்லு இருந்தால் எங்களுக்கும் நித்திரை, பிள்ளைக்கும் மூச்சு. கொட்டிலை நிமிர்த்துவதென்று முடிவெடுத்தோம்.

மரத்துக்கு வீட்டு வளவில் வேம்பு இருந்தது. வேம்பைக் கறையான் தொடாது. மரம் அரிகிற மரக்காலையில் போய்க் கேட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"எந்த இடத்து மரம்?"

"எங்கட வளவுதான்."

"சண்டைக்கு முந்தி நிண்டதோ, பிறகு முளைச்சதோ?"

"முந்தி நிண்டது."

"அப்ப கொண்டு வராதேங்கோ அண்ணை. ஒரு ஷெல் துண்டு போதும், என்ர வாள் பல்லு முழுக்கக் கொட்டுண்டுபோம். பொம்பிளை பார்க்கிற மாதிரி வயசு கேட்டுத்தான் இப்ப நான் மரம் அரியிறனான்."

அவரில் பிழை இல்லை. எங்கள் பக்கத்தில் பெரிய மரம் என்றால் உள்ளே இரும்பு இருக்கும். ஆகையால் வீட்டிலேயே அரிவதென்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தம்பியைக் கூப்பிட்டேன். மெசின் வாள் வைத்திருக்கிறவன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம். உங்களுக்கு அவனை நன்றாகத் தெரியும், மாம்பழம் கொண்டுவந்து தருகிறவன். அவன் மரத்தைச் சுற்றி வந்து, காதை மரத்தில் வைத்தான்.

"என்ன சொல்லுது?" என்று அம்மா கேட்டா.

"வயித்துக்குள்ள என்னா இருக்குன்னு சொல்ல மாட்டேங்குது அக்கா. அறுத்துப் பாருன்னுது."

மரத்தை விழுத்தி, கொப்பு தறித்து, கட்டையாக்கி, அடியில் உருளை வைத்து வளவுக்குள்ளேயே கிடத்தினோம். கரி தடவின நூலை இரண்டு அந்தத்திலும் பிடித்துச் சுண்டினால் மரத்தில் நேர்க்கோடு விழும். ஒரு அந்தம் நான், மற்ற அந்தம் அம்மா. அந்தக் கோட்டில் அவன் வாளை ஓட்டுவான். இரும்பு கிடக்கிற இடத்தில் மரம் கருநீலமாக ஊறிப்போயிருக்கும். அந்த நிறத்தைக் கண்டால் வாளை நிறுத்திவிட்டு உளியால் தோண்டி எடுக்க வேண்டும். எல்லாம் நிறம் காட்டாது. அப்படி வாளின் சங்கிலி இரண்டு அறுந்தது. அறும்போது அவன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து, "ஒங்களை இல்லக்கா, மரத்த" என்பான்.

வேம்பு அவ்வளவு நீளத்துக்கு நேராக வராது. ஆகையால் முகட்டு வளையை இரண்டு துண்டாக எடுத்தோம். இரண்டும் சந்திக்கிற இடம் நடுக்கப்பின் தலை. கூரையின் பாரம் எல்லாம் அந்த ஒரு தூணில்தான் இறங்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதற்காக இருந்ததில் வைரமான கட்டையைத் தேடித் தூணுக்கு ஒதுக்கினேன். ஓடுகளை இறக்கி, பழைய பனங்கப்பையும் வளையையும் கழற்றினோம். அது உள்ளே உளுத்துத்தான் கிடந்தது. "இதுதான் கொட்டிலுக்குப் பிடிச்ச வருத்தம்" என்றேன். எல்லோரும் ஓம் என்றார்கள். உளுத்த மரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறபோது வேறு காரணம் தேட ஒருவருக்கும் தோன்றாது.

நடுக்கப்புக்குக் குழி தோண்டினேன். எங்கள் மண் வேனில் காலத்தில் கல்லு மாதிரி, குத்துகிற அலவாங்குக் கம்பி துள்ளும். கொட்டில் நடுவில் மட்டும் மண் புட்டு மாதிரி வந்தது. மூத்தவள் தேத்தண்ணி கொண்டுவந்தவள், எட்டிப் பார்த்து, "அப்பா, லேசாத் தோண்டுறியள் என்ன" என்றாள். முந்திக் கப்பு நின்ற இடம் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்றேன். அடியில் தட்டைக் கல் ஒன்றைப் போட்டு, அதன் மேல் கப்பை நிறுத்தி இறுக்கினோம். அயலில் உள்ளவர்கள் வந்து வளையைத் தூக்கித் தந்தார்கள். ஓட்டைத் தாங்குகிற கைமரம், சலாகை எல்லாம் எங்கள் வேம்பு. ஓடு ஏற்றி முடிய றோட்டில் போய் நின்று பார்த்தேன். முகடு நூல் பிடித்த மாதிரி நின்றது. அம்மா புதுப் பாயை உள்ளே விரித்து, "இனி நெல்லுக்கு இஞ்சை, பிள்ளைக்கு அங்கை" என்றா. அன்றைக்கு அவ முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது.

கார்த்திகை மழை விடாமல் பெய்தது. வாய்க்கால் நிரம்பி வளவுக்குள் தண்ணி வந்தது. ஒரு காலைமை சத்தம் கேட்டு ஓடினோம். முகடு நடுவில் முன்னையை விட ஆழமாக இறங்கியிருந்தது. மரம் ஒன்றும் முறியவில்லை. வேம்பில் ஒரு வெடிப்பில்லை. கப்பு நின்ற இடத்தில் நிலம் உள்ளே போயிருந்தது. கப்பு தொடை அளவுக்குப் பூமிக்குள் நின்றது.

தம்பி டோர்ச் அடித்துப் பார்த்தான். கீழே கறுத்துப்போன பனங்குற்றிகள் குறுக்கே கிடந்தன. அதற்குக் கீழே வெறும் இருட்டு.

"அண்ணே, இது பங்கர்" என்றான்.

ஷெல் அடிக்கிற காலத்தில் சனம் ஒளிந்திருக்க வெட்டின குழி. மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போடுவது. நாங்கள் வெட்டினது கிணற்றடியில், அதை மூடியும் விட்டோம். இது நாங்கள் வீட்டை விட்டு ஓடின பிறகு வந்து இருந்த ஆக்கள் வெட்டினது. மேலே ஓடு இருந்தபடியால் கொட்டிலுக்குள், பழைய நடுக்கப்பை ஒட்டி வெட்டியிருக்கினம். பிறகு யாரோ மேலே மட்டும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருக்கினம். குற்றி ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் உக்கியிருக்கிறது. நாங்கள் அதன் தலையிலே கூரை முழுவதையும் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம். ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

"நிரப்புவம்" என்றேன். "நிரப்பி இறுக்கிப்போட்டுத் திரும்ப நிமித்துவம். மரம் எல்லாம் நல்லாத்தானே கிடக்கு."

குற்றியை ஒவ்வொன்றாக எடுத்தோம். பால்மாத் தகரப் பேணி ஒன்று வந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பு, ஒற்றை. பிறகு சேற்றுக்குள் துருப்பிடித்த இரும்பு ஒன்று, இரண்டு கையாலும் பிடிக்கிற பருமன். தம்பி என் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டான். "வாங்கண்ணே, வெளியில வாங்க" என்றான். பகிடி இல்லாமல் அவன் கதைத்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

கிராம சேவகரிடம் சொன்னோம். வெடிபொருள் எடுக்கிற ஆக்கள் வந்து பார்த்தார்கள். மரியாதையான பொடியள். கொட்டிலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். மேலே தெரிகிற ஒன்றை எடுத்தாலும் அடியில் இன்னும் இருக்கக்கூடும், தண்ணி வற்ற வேண்டும், கூரையைப் பாதுகாப்பாக இறக்க வேண்டும், அதுவரைக்கும் ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்றார்கள். எப்ப வருவியள் என்று கேட்டேன். "ஐயா, இதை மாதிரிக் கன இடம் இருக்கு" என்றார் ஒருவர். அவர்கள் இன்னும் வரவில்லை. நாடா வெயிலில் வெளிறி, அம்மா ஒருக்கா வேறு கயிறு கட்டினா.

அந்தப் பங்கரை வெட்டினவர்களை முதலில் நான் மனதுக்குள் திட்டினேன். பிறகு அதற்கும் முடியாமல் போனது. சண்டைக்குள் ஓடிப்போய் நின்ற உடையார்கட்டில் நாங்களும் யாருடையதோ வளவில் பங்கர் வெட்டினோம். அந்த வீட்டுக்காரரின் தென்னைகளைத் தறித்துத்தான் மேலே போட்டோம். அங்கேயிருந்து ஓடுகிறபோது மண்ணைக்கூடத் தள்ளவில்லை. அந்த மனிசன் திரும்பி வந்தாரோ தெரியாது. வந்து அதன் மேல் எதையாவது கட்டினாரோ, அதுவும் தெரியாது.

மாசியில் நெல்லு வந்தது. மெசின் அறுத்த நெல்லு, ஈரம். வயலிலேயே யாவாரிக்குக் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். கொஞ்சம் கொடுத்தோம். சாப்பாட்டு நெல்லையும் விதைநெல்லையும் கொடுக்க முடியாது. அவை விறாந்தைக்கு வந்தன. மூத்தவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் மாமரத்தடியில் இருந்து படித்தாள். ஆனால் படுக்க உள்ளே வரத்தானே வேண்டும். வாய்க்குள் அடிக்கிற மருந்துப் பம்ப் அடித்தும் இழுப்புக் கேட்கவில்லை. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பிறகு நெளுக்குளத்துச் சித்தி வந்து, "அக்கா, பிள்ளையை நான் கொண்டுபோறன். பள்ளிக்கூடச் சோதினையை அங்கை நிண்டு எடுக்கட்டும்" என்றா. அம்மா என்னைப் பார்த்தா. நான் கொட்டிலைப் பார்த்தேன். அவள் உடுப்பை அடுக்கும்போது, "கொட்டில் சரிவந்த உடனை வருவன் அப்பா" என்றாள். ஓம் பிள்ளை என்றேன். சின்னவன் சித்தி கொண்டுவந்த பிஸ்கட் பெட்டியோடு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனான்.

போன கிழமை மூத்தவளே, நீ போன் எடுத்தாய். "அப்பா, இஞ்சை வந்த பிறகு பம்ப் தேவையே வரேல்லை. நெட்போல் விளையாட்டிலும் சேர்ந்திட்டன்" என்றாய். நீ ஓடி விளையாடி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற அம்மா என்னவாம் என்று கேட்டா. பிள்ளைக்குச் சுகமாம் என்றேன். அவ குசினிக்குள் போய்விட்டா.

சோதினைக்குப் பிறகும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் பதியலாமோ என்று சித்தி கேட்டிருந்தா. உனக்கு இன்னும் சொல்லவில்லை. நேற்று ஓம் என்று சொல்லிவிட்டேன்.