வலது கையில் ஒரு முட்டை

பச்சை முட்டை ஒன்றை வலது கைக்குள் பொத்தியபடி, இடது கையால் கார் கதவைத் திறக்கிறார் டிரைவிங் அக்கா. "ஏறுங்க சார். இதப் பத்தி ஒண்ணும் கேக்கக் கூடாது. ரோட்டப் பாருங்க." நான் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் மாணவன், அதுவும் தலை நரைத்த மாணவன். கேட்காமல் இருக்க முடியுமா?

அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வார நாட்களில் டிரைவிங் ஸ்கூல். தன் பக்கமுள்ள இரண்டாவது பிரேக்கின் மேல் ஒரு கால், வாயில் ஓயாத வசவு. "கிளட்ச்ச மிதிங்கன்னா கரப்பான் பூச்சிய மிதிக்கிற மாதிரி மிதிக்கிறீங்களே!" ஞாயிற்றுக்கிழமை ஆனால், முதுகில் எஞ்சினையும் விசிறியையும் கட்டிக்கொண்டு, பாராகிளைடர் துணி தலைக்கு மேல் எழும்ப, மைதானத்தில் நாலு எட்டு ஓடிப் பறந்துவிடுவார். இறங்க ஒரு திடல் கண்ணில் படாத பக்கம் போகவே மாட்டார். "எஞ்சின் மாப்பிள்ளை மாதிரி சார். எப்ப முறுக்கிக்கிட்டு நிக்கும்னு சொல்ல முடியாது."

தாழ்ந்தால் வலது கையிலுள்ள விசையை அழுத்த வேண்டும். எஞ்சின் உறுமி மேலே தூக்கும். பல வருடம் அழுத்தி அழுத்தி அந்தக் கைக்கு அதுவே சுபாவமாகிவிட்டது. ஆசை யாரை விட்டது? எஞ்சினே இல்லாமல், மலைச்சரிவிலிருந்து காற்றை மட்டும் நம்பிப் பறக்க வேண்டும் என்று கிளம்பினார்.

அங்கேதான் வம்பு. மலையில் விசை கிடையாது. இரண்டு கையிலும் பிரேக் கயிறுகள் மட்டும். கொஞ்சம் தாழ்ந்ததும் அக்காவின் கை பழக்க தோஷத்தில் இறுகி, கயிற்றையும் கீழே இழுத்துவிடும். இழுத்தால் வேகம் போய்விடும். அளவு மீறினால் ஆளையே கீழே தள்ளிவிடும். முதல் தடவையே ஒரு பக்கமாகச் சரிந்து புதரில் விழுந்தார். மகன் வயதுள்ள பயிற்சியாளர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "அக்கா, உங்க கை இன்னும் எஞ்சினத் தேடுது. இன்னொரு தடவ இழுத்தீங்கன்னா மலைப் பக்கமே வராதீங்க."

அதற்காகத்தான் முட்டை. பயந்தால் கை இறுகும்; இறுகினால் முட்டை உடையும். டி.வி. பார்க்கும்போது, போனில் சம்பந்தி அம்மாவோடு பேசும்போது, என்னைப் போன்றவர்கள் பஸ்ஸுக்குக் குறுக்கே காரை விடும்போது, எப்போதும் கையில் முட்டைதான். மருந்துக் கடை வைத்திருக்கும் அவர் கணவர் என்னிடம் புலம்பினார்: "மூணு வேளையும் ஆம்லெட் சார். எனக்கே றெக்கை முளைச்சிடும் போல."

ஒரு நாள் வளைவில், எதிரே வந்த லாரிக்கு நேராகத் திருப்பிவிட்டேன். அக்காவின் கால் பிரேக்கை மிதித்தது. வாய் என் ஏழு தலைமுறையையும் வம்புக்கு இழுத்தது. கை மட்டும் அசையவில்லை. முட்டையை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "பாத்தீங்களா சார், முழுசா இருக்கு!" நான் ஸ்டீயரிங்கை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு, மலையடிவாரத் திடலில் பயிற்சியாளரோடு அக்காவின் கணவரும் நானும் நின்றோம். "நான் மேல பாக்க மாட்டேன். இறங்கினதும் சொல்லுங்க" என்று கணவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தமே இல்லாமல் அக்கா மலையிலிருந்து பறந்து வந்தார். திடலுக்கு முன்னால் உயரமான மரங்களின் வரிசை. அதை நெருங்கும்போது காற்று காலை வாரிவிட்டது, மடமடவென்று தாழ்ந்தார். பயிற்சியாளர், அக்காவோடு பேசும் ரேடியோவை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். "இப்ப இழுத்தாங்கன்னா மரத்துலதான்." அதைக் கேட்டதும் கணவர் தலை நிமிர்ந்துவிட்டது.

அக்கா இழுக்கவில்லை. இரண்டு கைகளும் உயரத்தில், தளர்வாக, அப்படியே இருந்தன. வேகம் குறையாமல் உச்சிக் கிளைகளைத் தாண்டி வந்து, கால் தரையைத் தொடப்போகும் நேரத்தில் மட்டும் இரண்டு கயிற்றையும் சேர்த்து இழுத்து, பஸ் படியிலிருந்து இறங்குவதுபோல் நின்றார். நானே பறந்து வந்ததுபோல் அவ்வளவு பெருமை.

"இனிமே நீங்க தனியாவே போலாம்க்கா. ரேடியோல நான் கத்த மாட்டேன்."

"கத்தினாலும் கேக்க மாட்டேன் தம்பி!"

கணவர் மூச்சிரைக்க ஓடிப்போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முடிஞ்சுதில்ல? வா, வீட்டுக்குப் போலாம்."

அக்கா இடுப்புப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "நீங்க போய்க் கடையத் திறங்க." பிறகு, தரையில் கிடந்த துணியை வாரிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மலைப்பாதையில் மறுபடியும் ஏற ஆரம்பித்தார்.