குகதாசன் கேட்ட கிண்ணம்

இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்த குகதாசன் அண்ணை கூடைப்பந்தைக் கையால் தொட்டதே லண்டனுக்கு வந்த பிறகுதான். அதுவும் துடைப்பதற்காக.

ஆறு வருடம் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்தவர். பிறகு லீசைட் ஹோக்ஸ் என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் வேலை கிடைத்தது. சட்டை தோய்ப்பார், போத்தல்களில் தண்ணீர் நிரப்புவார், ஆட்டக்காரர் யாராவது விழுந்தால் துவாயோடு ஓடிப்போய்த் தரையில் சிந்திய வியர்வையைத் துடைப்பார். இதெல்லாம் ஒரு வேலையா என்று நான் சீண்டுவேன். அவருக்கோ அது உயிர். ஆறடி எட்டங்குல மனிதர்கள் குனிந்து நின்று "மிஸ்டர் குகா" என்பார்கள். பெற்றோல் நிலையத்தில் ஒருவரும் அவர் பெயரைக் கேட்டதில்லை.

1991இல் ஹோக்ஸ் கழகத்தை மூடப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. பார்க்க ஆட்கள் வருவது குறைவு. ஆனால் அந்தப் பருவத்தில்தான் அணிக்கு என்ன பிடித்ததோ, வரிசையாக வென்று இறுதியாட்டம் வரை போய்விட்டது. வெற்றிக் கிண்ணம் வந்தால் கழகம் நிலைக்கும், கழகம் நிலைத்தால் வேலை நிலைக்கும். இது அண்ணை தானாகப் போட்ட கணக்கு. நேரே மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனார்.

"ஹோக்ஸ் வெண்டால் மொட்டை அடிக்கிறன் எண்டு நேர்த்தி வைச்சிட்டன்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்திரண்டு வயதிலும் ஒரு நரை இல்லாத சுருட்டை முடி அவருக்கு. அதை வாரவே காலையில் அரைமணி நேரம் குளியலறையைப் பிடித்து வைத்திருப்பார்.

இறுதியாட்டம் முடிய நான்கு விநாடிகள் இருக்கையில் ஹோக்ஸ் ஒரு புள்ளி பின்னால் நின்றது. கடைசிப் பந்து வளையத்தில் இரண்டு தரம் முட்டி உள்ளே விழுந்தது. பார்க்கப் போயிருந்த நான் எழும்பி நின்று கத்தினேன். அண்ணை துவாயோடு தரையில் குந்திவிட்டார்.

திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டார்கள். சாம்பியன்களை வாங்க மற்றக் கழகங்கள் முண்டியடித்திருக்கின்றன. முதலாளி ஆட்டக்காரர்களை விற்றுவிட்டுக் கழகத்தைக் கலைத்துவிட்டார். தோற்றிருந்தால் ஒருவனையும் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள், கழகமும் எப்படியோ இழுபட்டுக்கொண்டு போயிருக்கும். அந்த முதலாளியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணை கத்தவில்லை. வியாழக்கிழமை முடிவெட்டும் கடைக்குக் கிளம்பினார். அவர் மனைவி கமலாம்பிகை படிக்கட்டில் மறித்தார்.

"வேலையே போயிட்டுது. இனி என்ன நேர்த்தி? மொட்டையோட போனால் ஆர் உங்களுக்கு வேலை தருவான்?"

"நான் கேட்டதை முருகன் தந்திட்டார், கமலா. வேலையைக் கேட்டிருக்க வேணும். நான் கிண்ணத்தைக் கேட்டிட்டன். பிழை என்ரை."

மறுநாள் கோயிலுக்கு நானும் கூடப் போனேன். வாசலில் இராஜேந்திரன் எதிர்ப்பட்டான், அண்ணையின் பழைய பெற்றோல் நிலையக் கூட்டாளி. வளர்ந்த ஆம்பிளை ஒருவன் திடீரென்று மொட்டையோடு நின்றால் எங்கள் ஆட்களுக்கு ஒன்றுதான் தோன்றும். அவன் முகம் செத்துவிட்டது. அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்தான்.

"அண்ணை... ஆர் தவறினது? அம்மாவோ?"

"ஒருத்தரும் இல்லையடா தம்பி," என்றார் குகதாசன் அண்ணை. "நாங்கள் சாம்பியன் ஆகிட்டம்."

சொல்லிவிட்டு, அவன் தோளில் சாய்ந்து, செத்தவீட்டில் அழுவதுபோல அழுதார்.