பேருக்கு முன்னால் ஒரு ரேங்க்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்தில் ஒரு பலகை திறந்தோம். தேக்குப் பலகை, பித்தளை எழுத்து. திறந்துவைத்தவர் கவுன்சிலர். லட்டு உண்டு, சாயா உண்டு, பழம்பொரி உண்டு.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் எங்கள் கேரம் போர்டு சண்டைகளை எழுதி உங்களைச் சிரிக்கவைப்பேன். இந்த வாரம் அது நடக்காது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய ஒரு குடோனின் மாடியில் இருக்கிறது எங்கள் முன்னாள் ராணுவத்தினர் சங்கம். ஒரு ஹால், ஒரு அலமாரி, இருபது நாற்காலி. நான் அதன் செயலாளர். இத்தனை மலையாளிகளுக்கு நடுவில் ஒரு தமிழன் எப்படிச் செயலாளர் ஆனான்? டைப் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான், அதனால்.

அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்கிறீர்களா? காலை ஒன்பதரைக்குத் திறப்போம். பேப்பர் படிப்போம். அடுத்த போரை எப்படி நடத்த வேண்டும் என்று அரசாங்கத்துக்கு யோசனை சொல்வோம் — அரசாங்கம் இதுவரை கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கூட்டமாகப் பஸ் ஏறி, கப்பற்படைப் பக்கம் இருக்கும் கான்டீனுக்குப் போய் சோப்பும் ரம்மும் வாங்கி வருவோம். நவம்பரில், பென்ஷன் தொடர்ந்து வர, உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க மெஷினில் விரலை வைப்போம். தேய்ந்த விரல், ரேகை விழாது. நாயக் ஒருவரை அந்த மெஷின் நான்கு முறை 'இல்லை' என்று சொல்லிவிட்டது. மனுஷன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் பேசவே இல்லை.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு போர்களுக்கு நடுவே காலம் தள்ளியவர்கள். எழுபத்தொன்று பாகிஸ்தான் போர் முடிந்தபிறகு சேர்ந்தோம். கார்கில் தொடங்குமுன் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். எழுபத்தொன்றில் உண்மையாகவே சண்டை போட்ட இரண்டு பேர் சங்கத்தில் இருந்தார்கள். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

போர் பார்க்காத பட்டாளக்காரனின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் ஆசையாகக் கேட்பார், "சார் எந்த யுத்தத்துல இருந்தீங்க?" உடனே நமக்குப் பாயசத்தின் ருசியைப் பற்றிப் பேசவேண்டி வந்துவிடும்.

அதனால்தானோ என்னவோ, ரேங்கை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். சங்கத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. தலைவர் சுபேதார் சாப். நான் ஹவில்தார். மற்றவர்கள் நாயக், லான்ஸ் நாயக். ஒருவருடைய மனைவியே போன் போட்டு, "நாயக் அவிடெ உண்டோ?" என்றுதான் கேட்பாள்.

ஒரே ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். முருகேசன்.

முருகேசனும் எங்கள் உறுப்பினர்தான். ஆனால் கதவைத் திறப்பது, கூட்டுவது, சாயா வாங்கி வருவது எல்லாம் அவர்தான். யாரும் செய்யச் சொன்னதில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொன்னதில்லை. நாற்காலி காலியாக இருந்தாலும் கதவோரத்து ஸ்டூலில்தான் உட்காருவார். என்னைவிட ஒரு வயது மூத்தவர்... நேரில் 'நீ' என்றுதான் பேசுவேன். எழுதும்போது மட்டும் 'அவர்' வருகிறது, பாருங்கள்.

நாங்கள் இருவரும் இந்த ஊரிலேயே பிறந்த தமிழர்கள். என் அப்பா மளிகைக் கடைக்காரர். அவர் அப்பா முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டியவர். அந்த மனிதரை எங்கள் வீட்டுப் பின்வாசலில் வைத்துத்தான் எனக்குத் தெரியும். முன்வாசலுக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் துடைப்பம் தன் கைக்கு வந்துவிடக் கூடாது என்று முருகேசன் பதினெட்டு வயதில் ஓடிப்போய் பட்டாளத்தில் சேர்ந்தார். பட்டாளம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையில் என்ன கொடுத்தது தெரியுமா? துடைப்பம்! சஃபாயிவாலா. அந்த வேலைக்கு அப்போது ரேங்க் கிடையாது, டிரேட், அதாவது தொழில் பெயர் மட்டும்தான்.

இரண்டு மாதம் முன்பு சுபேதார் சாப்புக்குப் பலகை ஆசை வந்தது. போர் கண்டவர்கள் பெயரையெல்லாம் பித்தளையில் பொறிக்கவேண்டுமாம். யார் பெயரைப் பொறிப்பது? அவரே வழி கண்டுபிடித்தார். போர் நடந்த காலத்தில் சர்வீஸில் இருந்தால் போதும்! கார்கில் சமயத்தில் அவர் சர்வீஸில்தான் இருந்தார் — ராணுவப் பால் பண்ணையில், எருமைகளோடு. இலங்கைக்குப் படை போன காலத்தில் நானும் இருந்தேன் — மெட்ராஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாமில், டைப்ரைட்டரோடு. கப்பல் ஏறப் போகிறவர்களின் பட்டியலை மூன்று காப்பி அடித்துக் கொடுத்தேன். கப்பலைக் கரையிலிருந்துதான் பார்த்தேன்.

இப்படி எருமைக்கும் டைப்ரைட்டருக்கும் இடம் விட்டதில் பதினோரு பெயர் சேர்ந்தது. என் பெயர் மூன்றாவது.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்லோரும் கான்டீனுக்குப் போயிருந்தார்கள். முருகேசன் ஜன்னல் கம்பியைத் துடைத்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம்.

"இது எதுக்கு முருகேசா?"

"பலகைக்கு, சாரே."

புரட்டினேன். டிரேட் என்ற இடத்தில் அந்த வார்த்தை. இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு வரி. இலங்கை. இடது தொடையில் குண்டுக்காயம்.

இத்தனை வருடம் அவர் கால் தாங்கி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

"நீ லங்காவுல இருந்தியா?"

"ரெண்டு வருஷம் இருந்தேன்."

"துடைப்பத்தோடயா?" என்று கேட்டேன். ஆமாம்... கேட்டேன். வாய் அப்படி.

அவர் கோபப்படவில்லை. "இல்ல சாரே. மைக்கோட."

பிறகு நின்றுகொண்டே சொன்னார். உட்கார் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

"எங்க பட்டாலியன் முழுக்க வடக்கத்திக்காரங்க. தமிழ் அறியற ஆளு நான் ஒருத்தன். கேப்டன் கூப்பிட்டு பேட்டரி மைக்க கையில தந்தாரு. தெருத் தெருவா போயி, 'வெளிய வாங்க, பயப்படாதீங்க, நானும் தமிழன்தான்'னு சொல்லணும். முன்னால நான் நடக்கணும். எனக்குப் பின்னால துப்பாக்கிக்காரங்க."

"உன் கையில துப்பாக்கி?"

"எனக்கெதுக்கு சாரே துப்பாக்கி? நான் சஃபாயிவாலாதானே."

ஒரு நாள் காலை, ஒரு தெருவில், அவர் குரலை நம்பிச் சிலர் வெளியே வந்தார்களாம். எங்கிருந்தோ வெடிச் சத்தம் தொடங்கியது. எந்தப் பக்கம் முதலில் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குத் தொடையில் பட்டது. முதலில் வெளியே வந்த ஒரு பெண்மணி வாசலிலேயே விழுந்தாள்.

"நான் கூப்பிட்டதாலதானே சாரே அந்தம்மா வந்திச்சு? அதான் வீட்ல ஒண்ணும் சொல்லல. ஜீப்பு தலைகீழா மறிஞ்சு கால் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சரி, இப்ப மட்டும் எதுக்கு?"

மேஜைமேல் கிடந்த உறையை நேராக்கி வைத்தார். "மருமகன் சோறு திங்கிறப்ப கேக்குறான், 'மாமா, பட்டாளத்துல உங்களுக்கு என்ன பணி? கக்கூஸ் கழுவுறதோ?'ன்னு. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. பக்கத்துல எம் மோளு சிந்து தலையக் குனிஞ்சிடுச்சு. அவ நான் சிப்பாயின்னுதான் நெனச்சிருக்கா. நான் வாய் திறந்து அந்தக் கதைய சொல்ல மாட்டேன் சாரே. செவுத்துல பேரு இருந்தா போதும், அவ வாசிச்சுக்குவா. டிரேட் வேண்டாம். பேரு மட்டும்."

"பார்க்கலாம்" என்றேன். முடியாது என்று சொல்லத் தைரியமில்லாதவனுக்காகவே உண்டாக்கிய வார்த்தை அது.

கமிட்டியில் எடுத்துப் பேசினேன். பேசினேன் என்பது பெரிய வார்த்தை, முனகினேன். சுபேதார் சாப் தலையை ஆட்டினார். "ரேங்க் இல்லாதெ பேரெழுதான் பற்றில்ல, முடியாது. இது ரேஷன் கார்டல்ல. எழுதணமெங்கில் 'சஃபாயிவாலா முருகேசன்' என்று எழுதிக்கோ. இல்லெங்கில் விடு."

"கவுன்சிலர் வரும், குடும்பக்காரெல்லாம் வரும். அந்த வார்த்தைய செவுத்துல எழுதி வச்சா நம்ம எல்லார்க்கும் நாணக்கேடு" என்றார் ஒரு நாயக்.

யாரும் ஜாதி என்ற வார்த்தையை எடுக்கவில்லை. எடுக்க மாட்டோம். கேரளம் அல்லவா? முற்போக்கு! சொல்லாமலே காரியத்தை முடித்துக்கொள்வோம்.

பெயருக்கு முன்னால் ரேங்க் போடவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? எங்கும் இல்லை. எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். குண்டடி பட்ட ஒரே ஆள் அவர்தான் என்று நான் அங்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு வரும் — அப்போது நீ எங்கே இருந்தாய், ஹவில்தார்?

"சரி, விட்டுடலாம்" என்றேன். தீர்மானத்தை நானே டைப் அடித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

முருகேசனிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஒரு வாரம் போனது. அந்த வாரத்தில் அவர் பலகை மாட்டப்போகும் சுவரைச் சுரண்டி, மழைக்கறையைத் தேய்த்து, சுண்ணாம்பு அடித்தார். ஆணியடிக்க ஏணியைப் பிடித்ததும் அவர்தான். பலகையைத் துணி போர்த்திக் கொண்டுவந்தோம், அவர் உள்ளே பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்ததாகவும் தெரியவில்லை. என்னை அவ்வளவு நம்பினார்.

ஞாயிறு பத்தரை மணிக்கு வந்தார். புதுச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். கூடவே மகள் சிந்து. எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். லீவு போட்டு வந்திருந்தாள். மருமகனும் வந்து பின்னால் நின்றான். நான் கையில் மைக்கோடு, வரவேற்புரை.

துணி விலகியது. கை தட்டினோம். பதினோரு பேரும் அவரவர் பெயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

கூட்டம் லட்டுப் பக்கம் போனதும் சிந்து பலகைக்கு அருகே வந்தாள். மலையாளத்தில் எழுதிய பெயர்களை மேலிருந்து கீழே படித்தாள். பிறகு ஆங்கிலத்தில் எழுதியிருந்ததையும் படித்தாள்.

"அப்பா, உங்க பேரு எங்கே? காணல்லியே?"

முருகேசன் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று எட்டு தூரத்தில் நிற்கிறேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் மைக்கை அணைத்தேன்.

அவர் சொன்னார், "எனக்குத்தான் தப்பாயிப்போச்சு மோளே. இது யுத்தத்துக்குப் போனவங்க பேரு."

பின்னால் மருமகன் "ஓ..." என்றான். அவ்வளவுதான்.

சிந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். சங்கடத்தை மறைக்க என் பக்கம் திரும்பினாள். "சார், இதில மூணாவது பேரு சாரோடது அல்லே? சார் யுத்தத்துல இருந்திருக்கீங்களா?"

ஊருக்கெல்லாம் வாராவாரம் வாய் கிழிய எழுதுகிறவன் நான். ஆமாம் என்று ஒரு தலையாட்டலில் முடித்துக்கொண்டேன்.

"எங்க அப்பாவோட ஒண்ணு நில்லுங்க சார். ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

நின்றோம். முருகேசன் அரை அடி பின்னால் தள்ளி நின்றார். அது பழக்கதோஷம். மகள் "பக்கத்துல நில்லுங்கப்பா" என்று சொல்லியும் தள்ளியேதான் நின்றார்.

மறுநாள் காலை சங்கம் திறக்கவில்லை. சாவியை யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். இன்றுவரை அவர் வரவில்லை. ஹால் பெருக்கப்படவில்லை, ஆளுக்கொரு ரேங்கோடு குப்பையில் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு முறை அவர் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். கேட்டால் என்ன சொல்வேன்? பார்க்கலாம் என்றா?

இதை நீங்கள் படிக்கும்போது அவர் பெயர் அச்சில் வந்திருக்கும். சிந்துவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன் — அதையும் மறைப்பானேன்?

அந்தப் போட்டோவை அவள் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறாள். கீழே மலையாளத்தில் ஒரு வரி: 'யுத்தம் செய்த ஒரு பட்டாளக்காரரோடு என் அப்பா.'

படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.