காற்று முடியும் இடத்திலிருந்து ஒரு குரல்

பவானிபூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு பெங்காலிக்காரர் இருந்தார்; அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லோரும் அவரை தாதா என்பார்கள். உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர். மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கையில் பிடித்து வானத்தைத் துழாவுவார்.

அக்கா காய்ச்சலில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. ஒரு சாயங்காலம் வற்புறுத்தி மாடிக்கு அழைத்துப் போனேன்.

தாதா அன்று தேடியது பழைய செயற்கைக்கோள் ஒன்றை. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வெயில் படும்போது மட்டும் உயிர் வரும். நாம் பேசினால் நம் குரலையே திருப்பி அனுப்பும்.

"விழுந்திடாதா?" என்று கேட்டேன்.

"அங்கே இழுத்து விழவைக்கக் காற்றே இல்லை. பூமியின் காற்று முடிகிற இடம். ஓர் அணு இன்னொன்றைத் தொடாமலே வெகுதூரம் போகும். சிலது திரும்பி வராது" என்றார் இந்தியில்.

கீழே தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. மேலே செயற்கைக்கோளுக்கு இன்னும் வெயில். அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, மைக்கோடு படிக்கட்டுப் பக்கம் தள்ளிப்போய், "அம்மா, கேக்குதா?" என்றேன்.

அம்மாவின் முகம் வெளுத்தது.

"பெரியவ பேசறா."

"நான்தாம்மா."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? இது அவ."

மைக்கை வாங்கிக்கொண்டாள். "எங்கடி இருக்கே? குளிருதா?" என்று கேட்டாள். பிறகு கண்ணை மூடிக் காத்திருந்தாள். இரைச்சல் மெலிந்து ஒன்றுமில்லாமல் போனது. செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்றார் தாதா. அது எதிரே வேகமாக வரும்போது அலைவரிசை நகரும், குமிழைத் திருகிச் சரியாக வைக்காவிட்டால் குரல் கனத்துக் கேட்கும், தப்பு தன்னுடையதுதான் என்று வருத்தப்பட்டார். அதை நான் தமிழில் சொன்னபோது அம்மா காதில் வாங்கவில்லை.

மறுநாள் அவளே முதலில் மாடி ஏறினாள். தாதா அலைவரிசையைக் கவனமாக வைத்தார். நான் பேசினேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"இது நீ" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அப்புறம் அவள் மாடிக்கு வரவே இல்லை.

அவள் காலடிச் சத்தம் ஓயும்வரை நின்றேன். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாதாவிடம் சொன்னேன்: "நேத்து வச்ச மாதிரியே கொஞ்சம் தள்ளி வையுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குமிழைத் திருகினார்.