திருகாணி டப்பா

இரண்டாவது பிள்ளையையும் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தையல்காரி கணவனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "எனக்கு ரெண்டு தடவை போட்டாச்சு. இனி கத்தி உங்களுக்கு."

எலக்ட்ரீஷியனான அவன் கருத்தடை ஆபரேஷனுக்கு முனகிக்கொண்டே போனான். கால் மணி நேர வேலை. வந்து மூன்று நாள் படுத்துக் கிடந்த அழகைப் பார்த்தால், பிள்ளை பெற்றதே அவன்தான் என்று தோன்றும். பச்சை உடம்போடு அவள்தான் அவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

மூன்று மாதத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

மாமியார் விரல் விட்டு எண்ணினாள். "என் பிள்ளைக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே. இது யாரு வீட்டு வாரிசு? கடையில ஆம்பளைங்களுக்கு அளவெடுக்கிறப்பவே நினைச்சேன்!"

தையல்காரி கணவனைப் பார்த்தாள். அவன் கல்லுளிமங்கனாட்டம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மௌனத்தை அவள் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆபரேஷன் பண்ண அன்னிக்கே பலிக்காதும்மா. மூணு மாசம் உறை போட்டுக்கணும், அப்புறம் விந்து சோதனை பண்ணணும். அதைப் பிடிச்சுக் கொண்டுவர டப்பாகூட குடுத்து அனுப்பினோமே, சொல்லலையா அவரு?"

டப்பா வீட்டில்தான் இருந்தது. அவனுடைய வேலைச் சாமான் அலமாரியில், அவன் பெயர் எழுதிய சீட்டோடு, உள்ளே நிறையத் திருகாணிகள். தினமும் அவள் தூசி தட்டிய டப்பா!

அதை மாமியார் முன்னால் கவிழ்த்தாள். திருகாணிகள் தரையெல்லாம் ஓடின.

"ஆம்பளை அதைத் தூக்கிட்டுத் தெருவுல போவானா?" என்றாள் மாமியார்.

"உங்கம்மா கேட்டப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று தையல்காரி கணவனைக் கேட்டாள்.

"சொன்னா எனக்குத்தானே அசிங்கம்," என்றான் அவன், திருகாணிகளைப் பொறுக்கியபடி.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். மாமியார் வாயிலிருந்து பேச்சு எப்போதோ தெருவுக்குப் போயிருந்தது. அளவெடுக்க ஆட்கள் வருவது குறைந்தது. வந்தவர்கள் இளித்துக்கொண்டு வந்தார்கள்.

மூன்றாவது தடவையும் வயிறு கிழிந்தது. அதே மேசையில், யாரையும் கேட்காமல், தனக்கும் கருத்தடை செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவனுடைய சோதனையை நம்பி இன்னொரு முறை சாக அவளால் முடியாது.

குழந்தைக்கு அப்பனுடைய அதே ஒட்டிய கால்விரல்கள். "அப்படியே என் பிள்ளை!" என்று மாமியார் வார்டு முழுக்கத் தூக்கிக் காட்டினாள்.

"யாரு வீட்டு வாரிசுன்னு கேட்டீங்களே, அத்தை?"

மாமியார் குழந்தையின் காலை முத்தமிட்டாள். "அதையெல்லாம் இன்னுமாடி நெஞ்சுல வச்சிருக்க?"